ஆரம்பாக்கத்து வலை

மின்சாரம் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கூடத்து விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றிவிட்டு ஒரு முனகலோடு நின்றுவிட்டது. ஐப்பசி மழை பிற்பகல் மூன்று மணியையே விளக்கு வைக்கும் வேளைபோல் இருட்டாக்கியிருந்தது. கிருஷ்ணஸ்வாமி மர நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, ஓட்டிலிருந்து முற்றத்து அண்டாவில் விழும் தண்ணீரின் ஓசையையும், அடுக்களையில் மனைவி ஹேமாம்புஜம் பாத்திரங்களைத் தடவித் தடவி எடுத்து வைக்கும் ஓசையையும், சன்னல் கதவு கொக்கியில் ஆடும் ஓசையையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னும் ஒன்று கேட்டது. அது கேட்கக் கூடாது.

மீன் தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தார். சன்னலுக்குக் கீழே இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதன் மூலையில் உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. வெளியே இருக்கும் சிறு மோட்டார் ரப்பர் குழாய் வழியாக அதற்குள் காற்றைத் தள்ளும். காற்று குமிழியாக மேலே ஏறும்போது அழுக்குத் தண்ணீர் பெட்டிக்குள் இழுபட்டு, அதில் அடைத்திருக்கும் பஞ்சிலும் கரியிலும் வடிந்து சுத்தமாகும். அதைத்தான் பில்டர் என்பார்கள். மோட்டார் நின்றால் எல்லாம் நிற்க வேண்டும். அவர் மோட்டாரின் மேல் கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. அதிர்வு இல்லை. குழாயை மோட்டாரிலிருந்து பிடுங்கினார். குழாயின் நுனி அவர் கையில் தொங்கியது.

குமிழி நிற்கவில்லை. மோட்டார் ஓடும்போது வருவதுபோல் ஒரே சீராகவும் வரவில்லை. கொஞ்சம் வந்தது. நின்றது. பிறகு கொஞ்சம் வந்தது. அயர்ந்து தூங்குகிறவர்கள் மூச்சு விடுவதுபோல்.

"ஏன்னா, கரண்ட் வந்துடுத்தா?" என்று அடுக்களையிலிருந்து ஹேமாம்புஜம் கேட்டாள்.

"இல்லை."

"மீன் தொட்டிச் சத்தம் கேக்கறதே."

"மழைச் சத்தம்" என்றார்.

அவர் பொய் சொல்லிப் பழகியவர் அல்லர். கடந்த இரண்டு வருஷத்தில்தான் பழகினார்.

நாலு தலைமுறையாகத் திருவள்ளூர்க் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம் அது. சேர்ந்து ஓதும் அந்தக் கோஷ்டியில் அவர் நிற்பது இரண்டாவது இடம். அவர் கையில் தீர்த்தம் விழுந்த பிறகுதான் பின்னால் நிற்கும் பதினாலு பேருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மீன் வந்தது ஒரே பெண் அரவிந்தவல்லியால். எழுபத்தைந்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு புதுத் தொழிற்சாலையில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் மூர் மார்க்கெட்டில் தொட்டியும் இரண்டு தங்க மீன்களும் வாங்கி, மீன் பையை நெஞ்சோடு அணைத்தபடி ரயிலில் நின்றுகொண்டே வந்தாள். செவ்வாப்பேட்டையில்தான் உட்கார இடம் கிடைத்ததாம். மறுநாள் கோஷ்டியில் பக்கத்தில் நிற்கும் பூவராகவன், "என்ன ஸ்வாமி, மத்ஸ்யாவதாரம் உங்காத்துலேயே ஆயிடுத்தாமே! தளிகை பண்ணறதுக்கு இல்லையே?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தார். கிருஷ்ணஸ்வாமி சிரிக்கவில்லை. ஆனாலும் தொட்டியை எடுத்துவிடு என்று மகளிடம் சொல்லவும் இல்லை. அவள் கேட்டு அவர் மறுத்தது அதுவரை எதுவும் கிடையாது.

ஹேமாம்புஜத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. இன்னும் முற்றவில்லை, முற்றினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் முகமே அவளுக்கு ஒரு மங்கல்தான். ஆனால் சன்னல் வெளிச்சத்தில் அந்தத் தங்க மீனின் நிறம் மட்டும் தெரிந்தது. காலையில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே தொட்டிக்குப் போவாள். நிறம் அசைவதைப் பார்ப்பாள். "வல்லி சௌக்கியமா இருக்கா" என்பாள். அதற்குப் பிறகுதான் காபி. இரண்டில் ஒரு மீன் செத்துப்போன அன்றிலிருந்து மூன்று நாள் அவள் வாயில் பருக்கை போகவில்லை. மிச்சமிருக்கும் ஒன்றும் போனால் அவளும் போய்விடுவாள் என்பது கிருஷ்ணஸ்வாமிக்குத் தெரியும்.

வல்லி பம்பாயில் இருக்கிறாள் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார். ஊரிலும் அதையே சொல்லியிருந்தார். கம்பெனி மாற்றிவிட்டதாம், நல்ல சம்பளமாம். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வெற்றுத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, வல்லி எழுதியதாகப் படித்துக் காட்டுவார். அவள் இரண்டாம் முறை படிக்கச் சொல்வாள். முதலில் படித்தது மறந்துபோய் அவர் தடுமாறுவார்.

இந்தப் புரட்டாசியில் தொட்டித் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. பெட்டியிலிருந்த வெள்ளைப் பஞ்சு கறுத்துக் கூழாகிவிட்டது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மூர் மார்க்கெட்டுக்குப் போனார். மீன் கடை அருணாச்சலம் கையை விரித்தார்.

"அந்தப் பஞ்சு பம்பாய் சரக்கு சாமி. வர்றதே இல்ல. வந்தாலும் அது விக்கிற வெலைக்கு, உங்க மீனை வித்துக்கூட வாங்க முடியாது."

"மெத்தைப் பஞ்சு போட்டா?"

"ரெண்டே நாள்ல அழுகிடும், மீன் பூடும். ஒண்ணு பண்ணுங்க. நைலான் வலை இருக்குதில்ல, மீன் புடிக்கிறது? அறுந்து போனதா பாத்து, பிச்சி நூல் நூலா உட்டு அடைங்க. பத்து வருசம் ஆனாலும் அழுகாது. கரையோரம் போனா சும்மாவே குடுப்பான்."

"மீனைப் பிடிக்கற வலையை வெச்சு மீனைக் காப்பாத்தச் சொல்றீர்."

"பேஜார் புடிச்ச காலம் சாமி. எல்லாமே அப்பிடித்தான் கீது."

கரையோரம் என்றால் எண்ணூர் பக்கம். அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் வடக்கே போகும் வண்டி எண்ணூரில் நின்றபோது கிருஷ்ணஸ்வாமி இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டியிலும் இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் எண்ணெய் வாசனையோடு ஏறி, அவர் குடுமியையும் திருமண்ணையும் பார்த்து, மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். ஆரம்பாக்கத்தில் இறங்கினார். ஏன் அங்கே என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதில் இதுதான். வல்லி பம்பாய்க்குப் போகவே இல்லை. போன வருஷம் தை மாதம், அதே தொழிற்சாலையில் பிட்டராக இருந்த மோசஸ் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு வாடகை அறையில் குடியிருந்தாள். தகவல் வந்த அன்று கிருஷ்ணஸ்வாமி கிணற்றடியில் தலைமுழுகினார். அதே வருஷம் ஆடிக் கடைசியில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆறு மாதம் ஆகிறது, தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்துவிடட்டுமா அப்பா, இப்போது எனக்கு வேறு யாரும் இல்லை என்று எழுதியிருந்தாள். வேறு யாரும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவில்லை. ஒரு கார்டு எடுத்தார். வழக்கம்போல் மேல் மூலையில் தம் முகவரியையும் தேதியையும் எழுதினார். 'இந்த வீட்டில் பெண் யாரும் கிடையாது' என்று ஒரே வரி. தபாலில் சேர்த்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

ஆவணியில் வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெதுவான குரலில் பேசினார்.

"ஐயரே, ஆரம்பாக்கத்தாண்ட ஏரியில ஒரு பொண்ணு பொணம். இருவத்தி நாலு இருவத்தஞ்சி வயசு இருக்கும். இடுப்புல இந்தக் கார்டு சொருகியிருந்திச்சு. எழுத்தெல்லாம் கரைஞ்சி பூட்டுது, இந்த அட்ரஸ் மட்டும் தெரியுது. நீங்க ஒரு தபா வந்து மொகத்த பாத்துச் சொல்லிட்டா..."

கிருஷ்ணஸ்வாமி கார்டைக் கையில் வாங்கவில்லை. "எனக்கு ஒரே பெண். அவள் பம்பாயில் இருக்கிறாள்" என்றார்.

"மொகத்த மட்டும் ஒரு தபா..."

"பம்பாயில் இருக்கிறாள் என்று சொன்னேனே."

போலீஸ்காரர் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கிருஷ்ணஸ்வாமி கொல்லைக்குப் போய், வேஷ்டியோடு, தலையில் ஒவ்வொரு குடமாக ஊற்றிக்கொண்டார். இந்த வேளையில் என்ன ஸ்நானம் என்று ஹேமாம்புஜம் கேட்டாள். காக்கை தலையில் தட்டிவிட்டது என்றார். மறுநாள் விடியற்காலை கோஷ்டியில் இரண்டாவது இடத்தில் நின்று கையை நீட்டித் தீர்த்தம் வாங்கிக்கொண்டார்.

ஆரம்பாக்கத்தில் வயல் வரப்புகளைத் தாண்டி, கடலோடு சேரும் உப்பங்கழி ஏரியின் கரைக்கு நடந்தார். சவுக்கு மரங்களுக்கு அப்பால் தண்ணீர் ஈயத் தகடுபோல் கிடந்தது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்தாள். கெங்கம்மாள் என்று பெயர் சொன்னாள். கிருஷ்ணஸ்வாமி பத்தடி தள்ளியே நின்று, பழைய நைலான் வலை வேண்டும் என்றார். கடைசிச் சவுக்கு மரத்தின் அடியில் ஒரு வலை சுருட்டிக் கிடந்தது. அதன் மேல் மணல் ஏறியிருந்தது.

"அது வேணாம் சாமி" என்றாள் கெங்கம்மாள். "அது ஒதுக்கி வெச்ச வலை. நாலு நாள் கழிச்சி வாங்க, வேற தரேன்."

"எனக்கு நாலு நாள் கிடையாது. வேண்டாம்னு போட்டதுதானே அது?"

"வேணாம்னுதான் போட்டிருக்கோம். ஏன்னு கேளுங்க. அதுல..."

"கதை எல்லாம் எனக்கு வேண்டாம்."

தேவைக்கு மேல் ஒரு சொல் அந்த மாதிரி இடங்களில் பேசுவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. தரையில் ஒரு ரூபாயை வைத்தார். வலையில் ஒரு கை அகலத்துக்குப் பேனாக்கத்தியால் அறுத்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கெங்கம்மாள் ரூபாயை எடுக்கவில்லை. அவர் தோப்பைத் தாண்டும்வரை அவள் அங்கேயே நிற்பது தெரிந்தது.

வீட்டில் அதைக் கிணற்று நீரில் ஐந்து முறை அலசினார். வெயிலில் உலர்த்தினார். நூல் நூலாகப் பிரித்தார். கழுவிய அடுப்புக்கரியின் மேல் அதை அடைத்துப் பெட்டியைத் தொட்டியில் இறக்கினார். மறுநாளே தண்ணீர் பளிங்குபோல் ஆயிற்று. மீன் அடியில் இறங்கி உல்லாசமாக நீந்தியது. ஹேமாம்புஜம் தொட்டியின் முன்னால் கைகூப்பினாள்.

மூன்றாம் நாள்தான் மின்சாரம் போனதும், குமிழி நிற்காததும்.

நாலாம் நாள் கூடத்தில் ஒரு வாடை. கடல் இருபத்தைந்து மைலுக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் அது உப்பங்கழியின் வாடைதான். பாசியும் சேறும் வெயிலில் காய்ந்த சிப்பியும் கலந்த வாடை திரைச்சீலையில் ஏறி, பெருமாள் அலமாரியில் ஏறி, அவர் சாத்திக்கொள்ளும் திருமண்ணிலும் ஏறியிருந்தது. தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பு. தங்க மீன் உப்புத் தண்ணீரில் ஒரு நாள்கூடத் தாங்காது. இது கொழுத்து, செம்பைத் தேய்த்ததுபோல் பளபளத்தது.

"ஏன்னா, தண்ணி வெதுவெதுன்னு இருக்கே" என்றாள் ஹேமாம்புஜம். முழங்கைவரை தொட்டிக்குள் விட்டிருந்தாள்.

"கையை எடு."

"இந்த மழைக்கு இதமா இருக்கு. பச்சை உடம்புக்காரிக்கு விளாவி வெச்ச மாதிரி."

"கையை எடு என்கிறேன்!"

அவர் அவளிடம் குரலை உயர்த்தியது கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை மேலும் பயமுறுத்தியது.

அன்று பெட்டியைத் திறந்து பார்த்தார். வலை நூலில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. ஐந்து முறை அலசிய வலை. கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய தொட்டி. சேற்றை வழித்தபோது விரலில் ஏதோ குத்தியது. பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு. பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் வாரிக் கொல்லைச் சாக்கடையில் போட்டார். மறுநாள் திறந்தபோது மறுபடியும் சேறு. மறுபடியும் பச்சைத் துண்டுகள். முந்தின நாளைவிட அதிகம்.

"வளைச் சத்தம் கேக்கறது" என்றாள் ஹேமாம்புஜம், தலையைச் சாய்த்து.

ஆறாம் நாள் அவர் வலையை முழுவதுமாகப் பிடுங்கி எறிந்தார். பெட்டியில் கரியை மட்டும் வைத்தார். ஒரு மணி நேரம் ஆகவில்லை. மீன் ஒருக்களித்துச் சாய்ந்து மேலே மிதந்தது. செவுள் மட்டும் துடித்தது. சன்னலோரம் வந்த ஹேமாம்புஜம் அந்த நிறம் அசையாமல் கிடப்பதைப் பார்த்தாள். "வல்லி!" என்று கத்தினாள். அந்த ஒரு சொல்லோடு தரையில் சரிந்தாள். அவர் மழையில் ஓடினார். சாக்கடை ஓரத்திலிருந்து வலையைப் பொறுக்கினார். தம் கையாலேயே அதை மறுபடி பெட்டியில் அடைத்தார்.

மீன் நிமிர்ந்தது. அவளும் எழுந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. கோயிலுக்குப் போனார், வந்தார். சேவிக்கும்போது நடுவில் அடி மறந்தது. பூவராகவன் திரும்பிப் பார்த்தார். வீட்டில் ஹேமாம்புஜம் தேறிக்கொண்டே வந்தாள். இரண்டு வேளை சாப்பிட்டாள். பாடினாள். பழைய புடவைகளைக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்து அடுக்கினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பார்க்காததுபோல் இருந்தார். குமிழிச் சத்தம் இப்போது அவர் மூச்சோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தது. அவர் மூச்சைப் பிடித்தால் அதுவும் பிடித்தது.

ஒன்பதாம் நாள் காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "வல்லிக்கு இது ஆறா, ஏழா?"

"எது?"

"மாசம்தான்."

அவர் டம்ளரின் ஆவி மூக்குக்கண்ணாடியை மறைத்தது. அந்தக் கடிதத்தை அவர் படித்துவிட்டு அன்றே அடுப்பில் போட்டிருந்தார். ஒரு உயிருக்கும் தெரியாது.

"யார் சொன்னா உனக்கு?"

"நன்னா இருக்கே! பெத்தவளுக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமா?" என்றாள். "நீங்க மறைச்சேளே, அதான் எனக்கு மனத்தாங்கல். பம்பாய்லே என்ன பிரசவம் வேண்டிக் கிடக்கு? தலைச்சன் இங்கேதான்னு நான் சொல்லிட்டேன்."

"யாரிடம் சொன்னாய்?"

அவள் தொட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

அடுத்த வண்டியில் அவர் புறப்பட்டார்.

கெங்கம்மாள் அதே இடத்தில்தான் இருந்தாள். மழைக்குக் கருவாட்டை ஓலையால் மூடிக்கொண்டிருந்தாள். இந்த முறை கிருஷ்ணஸ்வாமி பத்தடி தள்ளி நிற்கவில்லை. அவள் குடிசை வாசலில் போய் நின்றார்.

"அந்த வலையில் என்ன இருந்தது?"

"அன்னிக்கே சொல்ல வந்தேன். காதுல வாங்கல நீங்க." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "போன வருசம் ஆவணியில அதுல ஒரு பொண்ணு ஏறிச்சு சாமி. பொணம் ஏறுன வலையை நாங்க மறுக்கா தண்ணியில எறக்க மாட்டோம். வாயும் வயிறுமா இருந்திச்சு. வளையலு பூரா நொறுங்கி சதையில குத்திக்கினு..."

வளையல் துண்டு குத்திய விரலை அவர் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"அப்பால விசாரிச்சதுல தெரிஞ்சிச்சு, கட்டிக்கினவன் மிசின்ல மாட்டிக்கினு செத்துட்டானாம், அதுக்கு ரெண்டு மாசம் முன்னால. பாவம், இது அப்பன் ஊட்டுக்குப் போலாம்னு கெளம்பியிருக்குது. புதுவாயல்ல பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தத எங்க ஓரகத்தி பாத்துச்சாம். திருவள்ளூர் பஸ்ஸு ரெண்டு வந்து போச்சாம். கையில ஒரு கார்டை வெச்சி வெச்சிப் பாத்துக்கினு, ஏறவே இல்லியாம். அப்புறம் இந்தப் பக்கமா நடந்து வந்துட்டுது."

மழை ஓலையில் விழுந்தது.

"அப்பங்காரன் வருவான் வருவான்னு ரெண்டு நாள் வெச்சிருந்தோம். போலீசு போயி சொல்லியும் வர்ல. இன்னா மனுசனோ! நாங்களே பொதச்சோம்." அவள் ஏரிப் பக்கம் பார்த்தாள். "வயித்துச் சுமையோட போனவளுக்கு ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல்லு நடணும் சாமி. போறவன் வர்றவன் அதும் மேல சுமைய எறக்கி வெச்சா, அவ சுமையும் எறங்கும். அத்த பெத்தவங்கதான் நடணும். பேர் சொல்லி, எம்பொண்ணுன்னு சொல்லி நடணும். நாங்க நட்டா செல்லாது. அதான் அது இன்னும் சுமந்துக்கினே கெடக்குது."

கிருஷ்ணஸ்வாமி வாயைத் திறந்தார். பெயர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கல் நடுவது என்றால் கும்மிடிப்பூண்டி ரோட்டில், நாலு பேர் பார்க்க, பெயரைச் சொல்லி நட வேண்டும். நாலு பேர் நாற்பது பேருக்குச் சொல்வார்கள். பதினாலு பேர் பின்னால் நிற்கிற இடம் அது. நாலு தலைமுறை நின்ற இடம்.

"நீங்க யாரு சாமி அதுக்கு?" என்று கெங்கம்மாள் கேட்டாள்.

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்பதும் விளங்கவில்லை. ஈரக் கண்ணோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு சொல். அதை மட்டும் சொன்னால் போதும்.

"யாருமில்லை" என்றார்.

அவள் தலையாட்டினாள். உள்ளே போய், தண்ணீரையே பார்க்காத புது வலையில் ஒரு துண்டு அறுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் அதைக் கையாலேயே வாங்கிக்கொண்டார்.

திருவள்ளூர் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மழை விட்டிருந்தது. தெருவில் மின்சாரம் இல்லை. புது வலையைப் போட்டுவிடலாம், மீனும் பிழைக்கும், அவளும் பிழைப்பாள், வந்தது போய்விடும் என்று ரயிலில் நூறு தடவை சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் செம்மண் இட்ட கோலம். கண் தெரியாதவள் போட்டது, ஒரு புள்ளி தவறவில்லை. கதவைத் திறந்தார். உப்பு வாடை இல்லை. மல்லிகை வாசனை வந்தது. தாழம்பூ வாசனையும், காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசனையும் கூடவே வந்தன.

கூடத்தில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. ஹேமாம்புஜம் அவருக்கு முதுகைக் காட்டி, தொட்டிக்கு அருகில் மணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் அசைந்தது. சீப்பு இழுபடும் சத்தம்.

"வந்துட்டேளா? மெதுவா வாங்கோ. இப்பத்தான் ஆடாம இருக்கா."

"ஹேமா."

"ஏழாம் மாசம் பூச்சூட்டணுமோல்லியோ? பம்பாய்லே அவளுக்கு யார் இருக்கா? பூக்காரி வந்தா, பத்து முழம் வாங்கினேன்."

"ஹேமா, எழுந்திரு. இங்கே வா."

"முன்னே இருந்ததைவிட அடர்த்தியா இருக்கு. எண்ணெயே பாக்காத தலை. சிக்கு எடுக்கவே மத்தியானத்துலேர்ந்து ஆறது."

அவர் ஓரடி நகர்ந்தார். விளக்கு வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது.

கூந்தல்.

கறுப்பாக. ஈரமாக. அவள் மடியில் சுருண்டு கிடந்தது. மடியிலிருந்து மேலே ஏறியது. தொட்டியின் கண்ணாடி விளிம்பைத் தாண்டியது. உள்ளே போனது. தண்ணீர் பாலில் மண் கலந்ததுபோல் கலங்கியிருந்தது. மீன் தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை.

ஹேமாம்புஜத்தின் விரல்கள் நிற்கவில்லை. மூன்று காலாகப் பிரித்தன. பின்னின. ஒரு வரிசை மல்லிகை. மறுபடி பின்னின. அந்த விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை.

புது வலை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. சத்தமே இல்லை. ஆனாலும் கலங்கல் ஒரு முறை அலைந்தது.

"அப்பா வந்திருக்கார்டி" என்றாள் ஹேமாம்புஜம், தொட்டியைப் பார்த்து.

பின்னல் அசைந்தது. அவள் கைக்குள் மெல்ல இறுகியது.

"இருடி. இன்னும் நாலு சுத்துதான். அதுக்குள்ளே என்ன அவசரம்?" அவள் செல்லமாக இழுத்துப் பிடித்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

"பாருங்கோ, கேக்கறாளா? பிடிவாதம் அப்படியே உங்களைக் கொண்டு." சிரித்தபடி பின்னலைக் கொஞ்சம் தளர்த்தி விட்டாள். கிருஷ்ணஸ்வாமி கண்ணை மூட நினைத்தார். இமை கீழே இறங்கவில்லை. விளக்கு நேராக எரிந்தது. பூ வைத்த பின்னல், ஈரம் சொட்ட, விளிம்பின் மேல் அரை வட்டமாக நகர்ந்தது. கலங்கலுக்குள், கண்ணாடிக்கு மிக அருகில், வெளுத்த ஏதோ ஒன்று அவர் பக்கமாக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.